கியர்பாக்ஸ் இறங்கும் நாள்: பழைய பிக்கப் வண்டிக்குக் கிளட்ச் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

மேட்டுப்பாளையத்தில் உரமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு குன்னூர் ஏறுகிற பழைய பிக்கப் வண்டியில் கிளட்ச் தேய்ந்துவிட்டால், மலைப்பாதை முதலில் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்ஜின் இரையும். வண்டி மட்டும் அதே வேகத்தில்தான் நகரும். கொஞ்ச நேரத்தில் கேபினுக்குள் கருகல் வாடை வரும். சமவெளியில் காலி வண்டியாக ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. அதனால்தான் "இன்னும் ரெண்டு மாசம் ஓடட்டும்" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ரெண்டு மாசத்தில் லைனிங்கோடு போக வேண்டிய செலவு ஃப்ளைவீல் வரைக்கும் போய்விடுகிறது.

மகிந்திரா பொலிரோ பிக்கப், டாடா 207 மாதிரியான வண்டிகளில் இன்ஜின் முன்னால் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து புரொபெல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் ஆக்சில். கிளட்ச் இருப்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், பெல் ஹவுசிங் என்கிற மணி வடிவக் கூட்டுக்குள். அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும். ஒரு ரிலீஸ் பேரிங் மாற்றினாலும் இதே வேலை, முழு செட்டும் மாற்றினாலும் இதே வேலை. ஆகவே இறக்கிய அன்றே உள்ளே இருக்கிற அத்தனையையும் பார்த்துவிட வேண்டும். நாலு காசு மிச்சம் பிடிக்கப்போய் ஒரு பேரிங்கை விட்டுவைத்தால், அதற்காக இன்னொரு தடவை இறக்குகூலி கொடுக்க நேரும்.

கிளட்ச் செய்கிற வேலை எளிமையானது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற கனத்த இரும்புத் தட்டு ஃப்ளைவீல். அதன் முகத்தில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருப்பது கிளட்ச் பிளேட். அதன் இருபுறமும் உராய்வு லைனிங் ரிவிட் அடித்து ஒட்டியிருக்கும். கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் பல் கோத்து நிற்கிறது. பெடலை மிதிக்காதபோது பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங் பிளேட்டை ஃப்ளைவீலோடு இறுக்கி அழுத்துகிறது. இன்ஜின் சக்தி முழுதும் சக்கரத்துக்குப் போகிறது. பெடலை மிதித்தால் ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளும், அது ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும், பிடி விடும். அவ்வளவுதான். லைனிங் தேயத் தேய ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங் பக்கமாக எழும்பி வருகின்றன. பழைய கிளட்சில் பெடல் கனமாக இருப்பதும், காலை முக்கால்வாசி எடுத்த பிறகே வண்டி நகரத் தொடங்குவதும் இதனால்தான்.

கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் கோளாறு உண்மையிலேயே கிளட்சில்தானா என்று பார்ப்பது முக்கியம். கிளட்ச் வழுக்குவது வேறு, கிளட்ச் விடாமல் பிடித்துக்கொள்வது வேறு. வழுக்கினால் மேலே சொன்னபடி இன்ஜின் வேகம் ஏறும், வண்டி ஏறாது. விடாமல் பிடித்தால் கியர் விழாது; குறிப்பாக ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் உரசும். இரண்டாவது வகையில் கிளட்ச் பிளேட் நன்றாகவே இருக்கலாம். ஹைட்ராலிக் கிளட்சானால் மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசிந்து ஆயில் குறைந்திருக்கும், லைனில் காற்று புகுந்திருக்கும். கேபிள் வண்டியானால் கேபிள் நைந்து நீண்டிருக்கும். அரைமணி நேரத்தில் சரியாகிற வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பும் உண்டு. முதலில் ஆயில் டப்பாவைப் பாருங்கள், பெடலுக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், வண்டிக்கு அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள்.

வழுக்கலைச் சோதிக்க ஒரு பழைய வழி. சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு டாப் கியரில் போடுங்கள். கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டியிருப்பதால் குதிகால் பிரேக்கிலும் கால்விரல் ஆக்சிலேட்டரிலும் வைக்கப் பழகியவர்தான் செய்ய வேண்டும். கிளட்சை மெதுவாக விட்டால் இன்ஜின் திணறி உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருக்கிற லைனிங்கும் கருகும்.

வழுக்கினாலும் ஒரு விஷயத்தைச் சரிபார்த்த பிறகே பிளேட்டைக் குறை சொல்ல வேண்டும். பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது ஆரம்பத்தில் பாரமில்லாமல் இறங்கும் சிறு இடைவெளி, சுத்தமாக இல்லாமல் போயிருந்தால் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்கூட அப்போது வழுக்கும். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வருகிற சிறு துளை அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். மிதித்த அழுத்தம் லைனிலேயே தங்கிவிடும். அட்ஜஸ்ட்மெண்ட் உள்ள வண்டியில் எவ்வளவு ஃப்ரீ பிளே வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவையே வைக்க வேண்டும்.

சத்தத்தைக் கேட்டும் நிறையச் சொல்லலாம். இன்ஜின் ஓடும்போது, நியூட்ரலில், பெடலை லேசாக மிதித்ததும் கீச்சென்றோ உர்ரென்றோ சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது சத்தம் இருந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதைக் கிளட்ச் செட் மாற்றிச் சரிசெய்ய முடியாது. வண்டி கிளம்பும்போது மட்டும் உதறினால் லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் சூட்டில் கோணியிருக்கலாம்; இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பிய்ந்திருந்தாலும் இதே உதறல் வரும். ரப்பரை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.

கிளட்ச்தான் என்று உறுதியானால், வண்டியை ஜாக்கியில் ஏற்றும் முன்பே புது செட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில் வருகிற செட்டாகவே வாங்குங்கள். கிளட்ச் தயாரிக்கும் லுக் கம்பெனிக்கு ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. நல்ல கம்பெனி சாமானைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டிய நிலை இல்லை. கூடவே ஸ்பிகாட் பேரிங், இன்ஜினின் பின் மெயின் ஆயில் சீல், கியர்பாக்ஸ் முன் ஆயில் சீல் ஆகியவற்றையும் வாங்குங்கள். இந்தச் சில்லறைச் சாமான்கள்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

பழைய பிளேட்டில் புது லைனிங் ரிவிட் அடித்துத் தருகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பிரஷர் பிளேட்டும் கிடைக்கும். ஊருக்குள் பால் கேன் ஏற்றி இறக்குகிற வண்டிக்கு லைனிங் மாற்றிய பிளேட் சில காலம் ஓடலாம். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைக்கு லோடு ஏற்றுகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லைனிங் புதிதானாலும் நடுவில் உள்ள டேம்பர் ஸ்பிரிங்கும், பல் தேய்ந்த ஹப்பும் பழையவைதான். பழைய பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங் எத்தனை தடவை சூடேறித் துவண்டது என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது.

இனி இறக்கும் வேலை. வண்டியைச் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். அடியில் படுத்துச் செய்கிற வேலை இது; வண்டியை ஜாக்கி மட்டுமோ, அடுக்கிய செங்கல்லோ தாங்கக்கூடாது. இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகே ஆள் உள்ளே போக வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் வேண்டாம். மெக்கானிக் "பரவாயில்லண்ணே" என்று சொன்னாலும் நீங்கள் விடாதீர்கள், உள்ளே படுக்கப்போவது அவர் உயிர்.

புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு ஃப்ளாஞ்சின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். அதே வாகில் திரும்பப் பூட்டினால் ஷாஃப்டின் பேலன்ஸ் மாறாது. மாறிப் பூட்டினால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதிரலாம். பிறகு கியர் லீவர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்லேவ் சிலிண்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு ஓரமாகக் கட்டிவிடலாம். ஆனால் அது கழன்று தொங்கும்போது யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக்கூடாது, மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிழும். பெல் ஹவுசிங் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இருப்பதில்லை. ஒரு அட்டையில் பெல் ஹவுசிங் வட்டத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்திவைத்தால் பூட்டும்போது தேட வேண்டியதில்லை.

கியர்பாக்ஸின் குறுக்குச் சட்டத்தைக் கழற்றும் முன் இன்ஜினின் பின்பக்கத்துக்கு ஒரு ஜாக்கி முட்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் பின்னால் சாய்ந்து ரேடியேட்டர் ஃபேன் கூட்டில் இடிக்கும். பிக்கப் வண்டியின் கியர்பாக்ஸ் ஓர் ஆள் நெஞ்சில் வாங்கி இறக்கும் எடை இல்லை. நான்கு சக்கர டிரைவ் உள்ள கேம்பர் மாதிரி வண்டியானால் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்துகொள்ளும். கியர்பாக்ஸ் ஜாக்கியும் இன்னொரு ஆளும் வேண்டும். நேர்கோட்டில் பின்னுக்கு இழுத்து, இன்புட் ஷாஃப்ட் முழுதும் வெளியே வந்த பிறகே கீழே இறக்க வேண்டும். பாதியில் விட்டு அந்த எடை முழுதும் ஷாஃப்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் ஹப் வளையும். கழற்றும்போது பழைய பிளேட் என்பதால் அது பொருட்டில்லை. மாட்டும்போது இதே தவறு நடந்தால் புதுப் பிளேட் முதல் நாளே கெட்டுப்போகும்.

பெல் ஹவுசிங் திறந்ததும் உள்ளே கரிய தூள் படிந்திருக்கும். கம்ப்ரஸர் காற்றால் அதை ஊதவே கூடாது. பழைய வண்டிகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்குள் போனால் வருஷக்கணக்கில் தங்கி நோயாக மாறும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும்.

இப்போதுதான் வண்டிக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம். கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். அந்த வண்டி எப்படி ஓடியது என்பது அதில் எழுதியிருக்கும். லைனிங்கின் மட்டத்துக்குக் கீழே குழியில் ரிவிட் தலைகள் தெரியும். ரிவிட்டுக்கு மேல் லைனிங் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. ரிவிட் தலையே பளபளவென்று தேய்ந்திருந்தால் அது ஏற்கெனவே ஃப்ளைவீலைக் கீறியிருக்கிறது. லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கிக் கறுத்திருந்தால் சூடேறிக் கருகியது. பெரும்பாலும் அரை கிளட்சில் ஓட்டியதால் வருவது. ஒருபக்கம் நிறையத் தேய்ந்து மறுபக்கம் தேயாமல் இருந்தால் ஹப் ஷாஃப்டில் சரியாக நகரவில்லை. டேம்பர் ஸ்பிரிங்கை விரலால் அசைத்துப் பாருங்கள், கலகலவென்று ஆடினால் கிளம்பும்போது கேட்ட உலோகச் சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

பிளேட்டில் ஈரம் இருந்தால் அதைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள், முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மம் கலந்திருப்பதால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வரும். அப்படியானால் கியர்பாக்ஸ் முன் சீல் போய்விட்டது. கறுத்து, அந்தக் கந்தக வாடை இல்லாமல் இருந்தால் இன்ஜின் ஆயில். பின் மெயின் சீலைப் பார்க்க வேண்டும். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் சில மாதத்தில் அதுவும் நனைந்து வழுக்கும். புது செட் சீக்கிரம் போய்விட்டது என்று கம்பெனி மேல் வருகிற குறைகளில் பல இந்த ஒரு சீலில் போய் முடிகின்றன.

அடுத்து ஃப்ளைவீலின் முகம். அங்கங்கே நீலம் பாரித்த திட்டுகள் இருந்தால் அந்த இடங்கள் அளவுக்கு மேல் சூடேறி இறுகிப்போனவை. நகத்தை ஓட்டிப் பாருங்கள்; தட்டுப்படுகிற பள்ளமோ மயிரிழை வெடிப்போ இருக்கிறதா என்று தெரியும். லேசான கோடுகளும் நீலமும் மட்டும் என்றால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கலாம். அந்த இறுகிய திட்டுகளைச் சீராக எடுக்கக் கிரைண்டிங் இன்னும் நல்லது. ஆழமான வெடிப்பு இருந்தால் ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும், வேறு வழியில்லை. எவ்வளவு வரைக்கும் சீவலாம் என்பதற்கு வண்டிக் கம்பெனி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பிளேட் உட்காரும் முகமும் பிரஷர் பிளேட் முடுக்கும் முகமும் வெவ்வேறு மட்டத்தில் உள்ள ஃப்ளைவீலாக இருந்தால், இரண்டையும் அதே அளவு சீவச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சீவினால் பிரஷர் பிளேட்டின் பிடி மாறிவிடும். அப்படியே சுற்றிலும் உள்ள ரிங் கியர் பற்களையும் பார்த்துவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது சில சமயம் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது என்றால் காரணம் அங்கே தேய்ந்த பல்லாக இருக்கலாம்.

கிராங்க் ஷாஃப்டின் முனைக்குழியில் இருக்கிற ஸ்பிகாட் பேரிங் சுண்டுவிரல் போகும் அளவே இருக்கும், கழற்றச் சிரமம் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அதை எடுக்க மெக்கானிக்குகள் ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள். குழி நிறைய கிரீஸை அடைத்து, பேரிங்கின் துளைக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு இரும்புத் தண்டை நுழைத்துச் சுத்தியலால் தட்டினால், கிரீஸுக்குப் போக இடமில்லாமல் பேரிங்கைப் பின்னாலிருந்து வெளியே தள்ளும். இரண்டு மூன்று தடவை கிரீஸ் நிரப்பித் தட்டினால் வந்துவிடும். அந்தக் கிரீஸை ஒட்ட ஒட்டத் துடைத்துவிட்டே புதியதை அடிக்க வேண்டும்.

மாட்டும் முன் புதுப் பிளேட்டைப் பழையதோடு வைத்து விட்டம், பல் எண்ணிக்கை இரண்டையும் ஒப்பிடுங்கள். இன்புட் ஷாஃப்டில் கையால் சொருகிப் பார்த்தால் இழுக்காமல் வழுக்கிப் போக வேண்டும். புதுப் பிரஷர் பிளேட்டில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். அதையும் ஃப்ளைவீல் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு எண்ணெய்க் கையால் தொடக்கூடாது. பெரும்பாலான வண்டிகளில் டேம்பர் ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும், பிளேட்டிலேயே எந்தப் பக்கம் என்று பொறித்தும் இருக்கும். மாறிப் போட்டால் மறுபடி இறக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

பிளேட்டை மையத்தில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் வேண்டும். அதே வகைப் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று இருந்தால் அதைவிடச் சரியானது இல்லை. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரே மூச்சில் முடுக்காமல், எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஒருபக்கம் முதலில் இறுக்கிவிட்டால் கவர் கோணிக்கொள்ளும். வண்டி கிளம்பும்போது உதறும். கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சில், கையேடு சொல்லும் அளவுக்கு. ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். அப்பினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் படும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது பெல் ஹவுசிங் கையால் தள்ளிய தள்ளில் இன்ஜினோடு முட்ட வேண்டும். ஒரு அங்குல இடைவெளி நின்றுவிட்டால், போல்ட் போட்டு இழுத்துச் சேர்க்கலாம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். பல் கோக்கவில்லை என்று அர்த்தம். டாப் கியரில் போட்டு, பின்னால் ஃப்ளாஞ்சைக் கையால் கொஞ்சம் திருப்பினால் பல் கோத்து உள்ளே போகும். இழுத்துச் சேர்த்தால் ஹவுசிங்கே வெடிக்கக்கூடும்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பழைய ஆயிலை முழுதும் எடுத்து, மூடியில் போட்டிருக்கிற டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலை ஊற்றி, காற்று வெளியேறும் வரை பிளீட் செய்ய வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போகும். கியர் ஆயில் வடிந்திருந்தால் அளவு பார்த்து நிரப்பிய பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.

புதுக் கிளட்ச் முதல் ஐந்நூறு கிலோமீட்டராவது மெதுவாகப் பழக வேண்டும். லைனிங் முகமும் ஃப்ளைவீல் முகமும் ஒன்றோடொன்று படிய அந்த ஓட்டம் தேவை. அதுவரை மலை லோடு வேண்டாம், இன்னொரு வண்டியைக் கட்டி இழுக்க வேண்டாம். அதன் பிறகு அதன் ஆயுள் டிரைவரின் இடது காலில் இருக்கிறது. ஏற்றத்தில் நிற்கும்போது அரை கிளட்சில் வண்டியைத் தாங்குவதை விட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஓடும்போது பெடல் மேல் கால் வைக்காதீர்கள். பர்மிட் எடைக்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் முதலில் விலை கொடுப்பது இந்த லைனிங்தான்.

கியர்பாக்ஸ் இறங்குகிற நாளில் வாடகை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்து, கழற்றிய பழைய பிளேட்டையும் பேரிங்கையும் சீலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில்லில் எழுதிய ஒவ்வொரு சாமானுக்கும் பழையது ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும்.